சின்னப் பிள்ளைகளோடு மாலத்தீவு: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

மாலத்தீவு என்றதும் எல்லார் மனசிலும் வருவது ஒரே படம்தான். கடல் நடுவே மரக்கால்களில் நிற்கும் வில்லா, கூடத்தில் கண்ணாடித் தரை, வாசலிலிருந்து நேரே தண்ணீருக்குள் இறங்கும் ஏணி. எங்கள் வீட்டிலும் பேச்சு அந்தப் படத்தில்தான் தொடங்கியது. அப்போது பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. முன்பணம் கட்டுவதற்கு முந்தின நாள் என் அம்மா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நடுராத்திரி இவன் எந்திரிச்சுக் கதவத் தொறந்தான்னா என்ன பண்ணுவ?"

அந்த வில்லாவை அன்றே விட்டுவிட்டோம். அதன்பிறகு இரண்டு முறை மாலத்தீவு போய்வந்தாயிற்று. முதல் பயணத்தில் தப்பாகப் போனதை இரண்டாவதில் சரிசெய்துகொண்டோம். பிள்ளைகளோடு போகும்போது கையில் இருக்கிற பணம் முதலில் அலைச்சல் குறைந்த வழிக்கும், ஆழமில்லாத கடலுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற ஆளுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கண்ணாடித் தரையைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பலரும் வில்லாவைப் பிடித்துவிட்டுப் பிறகு மாதம், தீவு என்று யோசிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டாலே பாதித் தொல்லை குறைந்துவிடும்.

முதலில் மாதம்

அங்கே வருஷம் இரண்டு காற்றாகப் பிரிகிறது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. வானம் தெளிந்திருக்கும், கடல் அடங்கியிருக்கும். மே மாதத்திலிருந்து அக்டோபர், நவம்பர் வரை தென்மேற்குக் காற்று. மழையும் அலையும் கூடுதல். நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை வருகிற மே மாதத்தில் அங்கே மழை தொடங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலை உச்சத்தில் இருக்கும். இத்தனை இரவு தங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். பண்டிகை விருந்து என்று தலைக்கு ஒரு கட்டாயத் தொகையைப் பல ரிசார்ட்டுகள் சேர்ப்பதும் அப்போதுதான். ஈஸ்டர் முடிந்ததும் பல இடங்களில் விலை இறங்கும். முழுப்பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் பிற்பாதியில் போவது எங்களுக்கு ஒத்துவந்தது. வெயில் கடுமைதான், ஓரிரு மழையும் பெய்யலாம். ஆனால் கடல் அமைதியாக இருக்கும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதுதான் முக்கியம்.

ஜூன் முதல் நவம்பர் வரை பா அட்டோலில் (அட்டோல் என்பது வளையம் போல அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) உள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். 2011இல் யுனெஸ்கோ அந்த அட்டோலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதற்காகவே மழைக்காலத்தில் போகிறவர்கள் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் போங்கள். இடுப்பில் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது இப்போதைக்கு வேண்டாம்.

மாதம் முடிவானதும் காற்றை வைத்து இன்னொரு முடிவும் எடுக்கலாம். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் தீவின் மேற்குப் பக்கம் பொதுவாக அமைதியாக இருக்கும். தென்மேற்குக் காற்றில் கிழக்குப் பக்கம். புக் செய்யும்போது "சூரியன் மறையும் பக்கம் வேண்டும்" என்று அழகுக்காகக் கேட்காமல், "நாங்கள் வரும் மாதத்தில் எந்தப் பக்கம் அலை குறைவு?" என்று கேளுங்கள்.

அடுத்தது தீவும் அதற்குப் போகும் வழியும்

மாலத்தீவில் கிட்டத்தட்ட 1,200 தீவுகள், இயற்கையாக அமைந்த 26 அட்டோல்கள். உலகமே பயன்படுத்துகிற அட்டோல் என்ற சொல் அவர்களுடைய திவெஹி மொழியிலிருந்து போனதுதான். ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பது அங்கே வழக்கம். 1972இல் தொடங்கிய முதல் ரிசார்ட்டான குரும்பா, விமான நிலையத்திலிருந்து படகில் பத்து நிமிஷ தூரத்தில் இன்றும் நடக்கிறது. இந்த வழக்கத்தால் ஒரு விளைவு உண்டு: தீவில் போய் இறங்கியபின் பிடிக்கவில்லை என்று பக்கத்து ஓட்டலுக்கு மாற முடியாது, கடைக்கு நடந்து போய் ஒரு டயப்பர் பாக்கெட் வாங்க முடியாது. அந்தத் தீவுதான் உங்கள் ஊர். அதனால் நேரம் எடுத்துத் தேர்ந்தெடுங்கள்.

வெலானா சர்வதேச விமான நிலையம் தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுலே என்ற தீவில் இருக்கிறது. அங்கிருந்து ரிசார்ட்டுக்கு மூன்று வழி. வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல்களுக்குள் என்றால் ஸ்பீடு போட். பத்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. தூரத்து அட்டோல்களுக்கு சீப்ளேன், அதாவது தண்ணீரிலேயே ஏறி இறங்குகிற சின்ன விமானம். இன்னும் தூரம் என்றால் உள்நாட்டு விமானமும் அதன்பின் படகும்.

சீப்ளேன் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அடிபட்டது அதில்தான். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் மாலேயில் இறங்கியிருந்தால்தான் அன்றைக்கே தீவுக்குப் போவது உறுதி. எங்கள் முதல் பயணத்தில் விமானம் தாமதமாகி, நாங்கள் குடிவரவு வரிசையை முடித்து வெளியே வந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. கடைசி சீப்ளேன் போயிருந்தது. தோளில் தூங்குகிற ஒருவன், பசியில் அழுகிற ஒருத்தி, நான்கு பெட்டி. விமான நிலையத்திலிருந்து சாலையிலேயே போகக்கூடிய ஹுல்ஹுமாலே தீவில் ஓர் அறை பிடித்தோம். தங்காத அந்த முதல் இரவுக்கும் ரிசார்ட்டில் முழுப்பணம் எடுத்துக்கொண்டார்கள். விதி அப்படித்தான் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள்: "விமானம் தாமதமானால் முதல் இரவுப் பணம் என்ன ஆகும்?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சீப்ளேனில் பதினைந்து பேர் அளவுக்கு உட்காரலாம். ஏசி கிடையாது, கழிப்பறை கிடையாது, இரைச்சல் அதிகம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பது பொதுவான அளவு; கூடினால் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். இடையில் வேறொரு தீவில் ஆள் இறக்கிவிட்டும் போகலாம். பெரியவர் ஒருவருக்குப் போகவர 400 டாலருக்கு மேல் கேட்கிற ரிசார்ட்டுகள் நிறைய. இரண்டு வயதுக்குக் கீழ் பெரும்பாலும் இலவசம். மேலேயிருந்து பார்க்கிற காட்சி மறக்க முடியாதது, அதை மறுக்கவில்லை. என் மகள் இன்றும் அந்த நீல வட்டங்களை வரைகிறாள்.

ஆனாலும் மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் ஸ்பீடு போட் தூரத்துத் தீவையே எடுங்கள் என்பேன். படகு இரவிலும் போகும். விமானம் தாமதமானாலும் நடுவில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். இதைவிடப் பெரிய காரணம், ராத்திரியில் குழந்தைக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்பது. சீப்ளேன் தீவில் விடிகிற வரை விமானம் வராது, தூரத்தைப் படகில்தான் கடக்க வேண்டும். மாலேக்குப் பக்கத்துத் தீவிலிருந்து அரை மணியில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விடலாம்.

தீவைத் தேர்ந்தெடுக்கும்போது கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டுப் பாருங்கள். கரையைச் சுற்றி வெளிர்நீலம் அகலமாக இருந்தால் ஆழமில்லாத லகூன், அதாவது பவளப்பாறைக்கு உள்பக்கம் அடங்கிக் கிடக்கிற கடல். பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து விளையாடலாம். கரைக்கு வெகு அருகிலேயே கருநீலம் தொடங்கினால் பவளப்பாறையின் விளிம்பு பக்கத்தில் இருக்கிறது, அங்கே ஆழம் சட்டென்று இறங்கும். முங்கு நீச்சல்காரர்கள் தேடிப் போகிற தீவு அது, நமக்கு ஆகாது. ஐந்து நிமிஷ வேலைதான், ஆனால் எந்த விளம்பரப் படமும் இதைச் சொல்லாது.

வில்லா

மணலில் இருக்கிற பீச் வில்லாவே நல்லது. கதவைத் திறந்தால் மணல், நாலடி நடந்தால் தென்னை நிழல். தண்ணீர் மேல் நிற்கிற வில்லாக்களில் சின்னப் பிள்ளைகளை அனுமதிக்காத ரிசார்ட்டுகள் உண்டு. அனுமதித்தாலும் பொறுப்பு உங்களுடையது என்று கையெழுத்து வாங்குகிறவை உண்டு. பெரியவர்களுக்கு மட்டும் என்று நடக்கிற தீவுகளும் இருக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீச் வில்லாவிலும் தனிக்குளம் இருந்தால் அதுவும் திறந்த தண்ணீர்தான். பெரும்பாலான வில்லாக்களில் குளத்தைச் சுற்றி வேலி இருக்காது. கேட்க வேண்டியவை: குளத்துப் பக்கக் கதவில் உயரத்தில் தாழ்ப்பாள் உண்டா, கேட்டால் தற்காலிக வேலி வைப்பார்களா, குளமில்லாத வில்லா அதே வரிசையில் கிடைக்குமா. நாங்கள் இரண்டாவது முறை குளமில்லாததையே எடுத்தோம். அப்படியும் மனசு கேட்காமல் மகளின் பழைய கொலுசை வாசல் கதவின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அது சலசலத்தது. கண் விழித்தால், மூன்று வயதுக்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருக்கிறான். ஊரிலிருந்து ஒரு கொலுசோ சின்ன மணியோ எடுத்துப் போங்கள். எடையே இல்லை.

பல வில்லாக்களில் குளியலறை வானம் பார்த்தபடி திறந்திருக்கும். மழை பெய்தால் தரை வழுக்கும், கொசுவும் வரும். மூடிய குளியலறை உண்டா என்று கேளுங்கள். தொட்டில், உயர நாற்காலி இரண்டையும் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை ஒரே வில்லாவில் தங்க அனுமதி உண்டா என்பதையும் உறுதி செய்யுங்கள், எல்லா வகையிலும் கிடையாது.

கிட்ஸ் கிளப் எல்லா ரிசார்ட்டிலும் இருப்பதாகப் போட்டிருப்பார்கள். பொதுவாக மூன்று அல்லது நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வரைதான் தனியாக விட முடியும். அதற்குக் கீழே என்றால் நீங்களோ மணிக்கணக்கில் காசு கொடுத்து வைக்கிற ஆயாவோ கூட இருக்க வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு பெரிய கிட்ஸ் கிளப்புக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். ஆறு வயதுக்கு அது சொர்க்கம். என் மகள் மதியச் சாப்பாட்டுக்கே வர மறுத்தாள்.

பணக் கணக்கு

ரிசார்ட் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அது முழு விலை கிடையாது என்று அர்த்தம். அறை வாடகையின் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின் மேல் 17 சதவீதம் சுற்றுலா ஜிஎஸ்டி (2025 ஜூலையிலிருந்து இந்த விகிதம்). 500 டாலர் என்று போட்ட அறை 550 ஆகி, அப்புறம் 643.50 ஆகும். நாலு இரவுக்கு 2,574 டாலர். இதோடு ரிசார்ட்டில் தலைக்கு, இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. இரண்டு வயதுக்குக் கீழ் கிடையாது. எங்கள் முதல் பயணம் போல இரண்டு பெரியவர், ஆறு வயது, ஒன்றரை வயது என்றால் மூன்று பேருக்கு மட்டும்: நாலு இரவுக்கு 144 டாலர். இதெல்லாம் போகத்தான் படகுக் கூலியும் சாப்பாடும். ரிசார்ட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பி, "வரி, பசுமை வரி, போகவர வண்டி எல்லாம் சேர்த்து எங்கள் நாலு பேருக்குக் கடைசித் தொகை எவ்வளவு?" என்று ஒரே எண்ணாக வாங்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மலிவாகத் தெரிந்த தீவு சீப்ளேன் கூலியைச் சேர்த்ததும் விலை கூடியதாகிவிடும்.

சாப்பாட்டுத் திட்டத்தில் காலை உணவு மட்டும் என்பதை எடுக்காதீர்கள். வெளியே போய்ச் சாப்பிட வழியில்லாத தீவில் பிள்ளைகள் கேட்கிற ஒவ்வொரு ஜூஸுக்கும் பில் வரும். மூன்று வேளையும் சேர்ந்தது குடும்பத்துக்குச் சரி. பெற்றோர் எடுக்கிற திட்டத்திலேயே பன்னிரண்டு வயதுக்குக் கீழ் இலவசமாகச் சாப்பிடலாம் என்று சில ரிசார்ட்டுகளில் உண்டு. நீங்கள் மது குடிக்காத குடும்பம் என்றால் சாப்பாடு, மது எல்லாம் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவ் திட்டத்தின் விலையில் பெரும்பகுதி உங்களுக்குப் பயன்படாது.

இந்தியாவில் ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் என்று வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்து வருமான வரி தாக்கலில் கழித்துக்கொள்ளுங்கள். தீவில் டாலரே செல்லும். படகுக்காரருக்கும் அறை சுத்தம் செய்கிறவருக்கும் கொடுக்க ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டும் மற்ற காகிதங்களும்

கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். இந்தியாவில் சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருஷத்துக்குத்தான் தருகிறார்கள். பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது காலாவதியாகியிருக்கலாம், எடுத்துப் பாருங்கள். நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படம் நீங்களே கொண்டுபோக வேண்டும். பயணத் தேதிக்கு அப்புறம் ஆறு மாதமாவது செல்லுபடியாகிற பாஸ்போர்ட்டாக இருந்தால் விமான கவுண்டரில் கேள்வி வராது.

விசாவுக்கு முன்கூட்டி அலைய வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் சுற்றுலாவுக்கு 30 நாள் விசா இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். இந்தியர்களுக்கு 90 நாள். திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இட உறுதிச்சீட்டும் அச்சடித்துக் கையில் இருக்கட்டும். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற பயணிகள் அறிக்கையை இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் தனியாக. திரும்பி வரும்போதும் மறுபடி ஒரு முறை. அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. உண்மையான முகவரி மாலத்தீவு குடிவரவுத் துறையுடையது, gov.mv என்று முடியும்.

தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழ் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மது, பன்றி இறைச்சிப் பொருட்கள், மின்சிகரெட் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. திருவனந்தபுரத்திலிருந்து மாலே சுமார் 600 கிலோமீட்டர்தான். நாங்கள் திருநெல்வேலியிலிருந்து காரில் போய் அங்கே ஏறினோம். அந்த விமானம் எந்தக் கிழமைகளில் இருக்கிறது, பகலில் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துவராவிட்டால் கொச்சி, பெங்களூரு வழியாகத் தேடுங்கள்.

பெட்டி

துணியைக் குறையுங்கள், மருந்தைக் கூட்டுங்கள். பிள்ளைகள் நாள் முழுக்க நீச்சலுடையில்தான் இருப்பார்கள். முழுக்கை வைத்த வெயில் தடுப்பு நீச்சலுடை ஆளுக்கு இரண்டு, பின்கழுத்தை மூடுகிற தொப்பி, பவளத்துண்டு குத்தாமல் இருக்க ரப்பர் செருப்பு. சன்ஸ்கிரீன் ஜிங்க் ஆக்சைடு வகையில் வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடியும் தடவ வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கிரீமை நம்ப வேண்டாம், நிழல்தான் மருந்து. அங்கே நிலநடுக்கோட்டு வெயில். மேகம் போட்டிருந்தாலும் தோல் சிவந்துவிடும்.

மிதவை ஜாக்கெட் பிள்ளையின் எடைக்குப் பொருந்துவதை இங்கேயே வாங்கிப் போட்டுப் பாருங்கள். காற்றடிக்கிற கைப்பட்டை, வாத்து வளையம் எல்லாம் விளையாட்டுச் சாமான், பாதுகாப்புக்கு ஆகாது. ஜாக்கெட் போட்டிருந்தாலும் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீரில் மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமில்லாமல் நடந்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டோம்: "இப்ப நீ" என்று வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்றுவோம். முறை இருக்கிறவர் கையில் போன் இருக்காது.

மருந்துப் பையில் எடைக்கேற்ற அளவு எழுதி வைத்த பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட்டுகள், தெர்மாமீட்டர், வாந்திக்கும் அலர்ஜிக்கும் உங்கள் குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தது, காதுக்குச் சொட்டு மருந்து, காயத்துக்குக் களிம்பு, பிளாஸ்திரி. சீட்டின் நகலும் கூடவே. டெங்கு அங்கே உண்டு. கடிக்கிற கொசு பகலில்தான் வரும். குழந்தையின் வயதுக்கு ஏற்ற கொசு விரட்டியை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

டயப்பர், பால்பவுடர் எல்லா நாளுக்கும் போக இரண்டு நாளுக்குக் கூடுதலாக. தீவுக் கடையில் கிடைத்தாலும் உங்கள் பிராண்டு கிடைக்காது, விலையும் பல மடங்கு. கைப்பையில் முதல் மூன்று மணி நேரத்துக்கு வேண்டியது தனியாக இருக்கட்டும்: இரண்டு டயப்பர், ஒரு மாற்றுத்துணி, நீச்சலுடை, பால், பிஸ்கட். சீப்ளேனில் பெட்டிகள் சில சமயம் அடுத்த விமானத்தில்தான் வந்து சேரும்.

சாப்பாடு

இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம் இருந்தது. கடைசியில் எளிதாகத் தீர்ந்ததும் இதுதான். போய்ச் சேர்ந்த முதல் வேளையிலேயே சமையல்காரர் யாரையாவது கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். மாலத்தீவு ரிசார்ட்டுகளில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து வேலை பார்க்கிறவர்கள் நிறைய. சமையல்கட்டில் தமிழ் பேசுகிற ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம். நாங்கள் தங்கிய தீவில் மட்டக்களப்புக்காரர் ஒருவர் இருந்தார். பஃபே வரிசையில் சின்னவன் எதையும் தொடாமல் நின்றதைப் பார்த்து அவரே வந்தார். "பிள்ளைக்கு உறைப்பில்லாமப் பருப்பும் சோறும் குழைச்சுத் தரட்டா, அக்கா?" பத்து நிமிஷத்தில் ஆவி பறக்க ஒரு கிண்ணம் வந்தது, மேலே ஒரு சொட்டு நெய். மறுநாளிலிருந்து சொல்லாமலே பன்னிரண்டு மணிக்கு அந்தக் கிண்ணம் மேஜைக்கு வந்தது. காசு கொடுத்து வாங்கிய எந்த வசதியும் எனக்கு அந்த அளவு நிம்மதி தரவில்லை.

இருந்தாலும் கைவசம் கொஞ்சம் இருக்கட்டும். வில்லாவில் வெந்நீர்க் கெட்டில் இருக்கும். அவல் கொண்டுபோனால் வெந்நீர் ஊற்றி மூடிவைத்து, உப்போ சர்க்கரையோ சேர்த்து ஐந்து நிமிஷத்தில் ஊட்டிவிடலாம். வறுத்த பொட்டுக்கடலை மாவு, பேரீச்சை, முறுக்கு என்று கொஞ்சம் வைத்துக்கொண்டோம்.

பெரியவர்களுக்கு ஒரு பரிந்துரை. காலையில் மாஸ் ஹுனி கேட்டுச் சாப்பிடுங்கள். சூரை மீன், தேங்காய்த்துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்தது. ரொஷி என்ற சப்பாத்தியோடு தருவார்கள். நம் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் மாசிக் கருவாடு என்று சம்பலுக்கு இடிக்கிறோமே, அது காலங்காலமாக இந்தத் தீவுகளிலிருந்து வந்த சூரைதான். அங்கே படகுக்குத் தோனி என்றுதான் பெயர். வீட்டுக்குப் பக்கத்து ஊருக்கு வந்தது போல இருக்கும்.

தீவில் ஒரு நாள்

இந்தியாவுக்கும் மாலேக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் பிள்ளைகளின் தூக்கம் கெடாது. ஆனால் பகல் வெளிச்சம் நீளட்டும் என்று சில ரிசார்ட்டுகள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி முன்னால் வைத்திருக்கும். இறங்கியதும் தீவு நேரம் என்ன என்று கேளுங்கள். திரும்பும் படகு எந்த நேரக் கணக்கில் என்பதையும்.

காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை கடல். பத்து மணிக்குமேல் மூன்றரை வரை நிழல், சாப்பாடு, தூக்கம். நாலு மணியிலிருந்து மறுபடி கடல். மதியத் தூக்கத்தை விட்டுக்கொடுத்து எந்த நிகழ்ச்சியிலும் சேராதீர்கள். ஒரு முறை சேர்ந்தோம், இரவு சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் அழுது தீர்த்தார்கள். நாலு நாளுக்கு ஒரே ஒரு வெளிப்பயணம் போதும். மாலையில் தோனியில் டால்ஃபின் பார்க்கக் கூட்டிப்போவது பிள்ளைகளுக்கு ஏற்றது: வெயில் தணிந்திருக்கும், கால் நனைய வேண்டாம். பிள்ளைகள் அளவு லைஃப் ஜாக்கெட் உண்டா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

லகூனில் முழ நீளச் சுறாக்குட்டிகள் கணுக்கால் பக்கத்தில் போகும். பயப்பட வேண்டாம், துரத்தவும் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு முகமூடி போட்டு மீன் பார்க்க ஆசை வரும். ஊரிலேயே வாளித் தண்ணீரில் முகமூடியும் குழலும் போட்டு மூச்சுவிடப் பழக்கிக் கூட்டிப்போனால் முதல் நாளே பார்த்துவிடும்.

முடியாமல் போனால்

புக் செய்யும் முன்பே கேளுங்கள்: தீவில் மருத்துவர் தங்கியிருக்கிறாரா, நர்ஸ் மட்டுமா? ராத்திரி அவசரத்துக்குப் படகு உண்டா? மாலேக்கு எவ்வளவு நேரம்? மாலேயில் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை இருக்கிறது. இந்திய உதவியோடு கட்டி 1995இல் திறந்தது. ஏடிகே என்ற தனியார் மருத்துவமனையும் மாலேயில் உண்டு. ஹுல்ஹுமாலேயில் ட்ரீ டாப் மருத்துவமனை. பயணக் காப்பீடு எடுக்கும்போது தீவிலிருந்து நோயாளியை அப்புறப்படுத்துகிற செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சேர்க்காத மலிவு பாலிசி இங்கே உதவாது.

திரும்பும் நாள்

சீப்ளேன் தீவிலிருந்து காலை ஒன்பது மணிக்கு முந்தின சர்வதேச விமானத்தைப் பிடிப்பது கஷ்டம். பிற்பகல் விமானமாக எடுங்கள். அறையைக் காலி செய்தபின் கிளம்புகிற வரை குளிக்கவும் குழந்தையைத் தூங்கவைக்கவும் இடம் தருவார்களா என்று முந்தின நாளே பேசிவையுங்கள், பல ரிசார்ட்டுகள் தருகின்றன.

பிள்ளைகளின் சட்டைப் பைகளையும் பெட்டி மூலைகளையும் ஒரு முறை பாருங்கள். பவளம், ஆமை ஓட்டுப் பொருட்கள், சில சங்கு வகைகள் நாட்டைவிட்டு எடுத்துப்போகத் தடை. அதனால் கரையில் பொறுக்கிய எதையும் எடுக்காமல் இருப்பதே பத்திரம். என் மகள் முதல் நாளே பளபளப்பான ஒரு சங்கைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டு வைத்திருந்தாள். இரவு விளக்கை அணைத்ததும் கோப்பைக்குள் கிர்ரென்று சுரண்டுகிற சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் சங்கின் வாயில் இரண்டு கண்காம்பு, ஒரு கொடுக்கு. உள்ளே சின்ன நண்டு ஒன்று குடியிருக்கிறது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பாவின் டார்ச் வெளிச்சத்தில் வாசல் மணல் வரை நடந்துபோய், அவளே அதைக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.